அடிவயிற்றில் வரும் சேதி

மிக்கேல் கப்பலில் இருந்தபடியே போனில் பொத்தானை அமுக்கினால், தூத்துக்குடியில் இருக்கும் மனைவி பிளாரன்ஸின் உடம்பில் டாக்டர் பதித்த சில்லு வழியாக ஹார்மோன் சுரக்கும். சினைப்பையில் தூங்கும் மரபணுக்கள் விழித்து, லேசான வலியோடு முட்டை வெளிவரும். பிள்ளை உண்டாக வேண்டி, லீவு கிடைத்தால்தான் அமுக்குவான். அவன் ஊருக்கு வரும் சேதி அவளுக்கு அப்படித்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அடிவயிறு சுரீரென்றது. பிளாரன்ஸ் மெத்தையை வெயிலில் காயப்போட்டாள். சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். மறுநாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவன் போனில் பேசினான். "லீவு இல்ல பிளாரன்ஸ். நேத்து தெரியாம அமுக்கிட்டேன். வலிச்சிச்சோ?"

"லேசா."

"இனிமே பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம்" என்றாள் அவள். "மாசத்துக்கு ஒருக்கா இப்படித் தெரியாம அமுக்குங்க. ரெண்டு நாளு நீங்க வாறீங்கன்னே இருந்தேன்லா."