முந்திக்கொண்ட இரங்கல்

செத்துப்போனது என்னவோ பாடகர்தான். நாளிதழில் படத்தோடு போய்ச் சேர்ந்திருந்தவர், அதே பெயர் கொண்ட பாலப் பொறியாளர்.

தன் இரங்கல் கட்டுரையைப் பொறியாளர் ரசித்துத்தான் படித்தார், கடைசிப் பத்தி வரும்வரை.

"மச்சான், ஆத்துப் பாலத்துக்கு வரைபடம் போட்டது நான் இல்லையாம். கூட இருந்த உதவியாளர் போட்டதை என் பேர்ல மாத்திக்கிட்டேனாம்."

"அபாண்டம் அத்தான். எவன் எழுதினான்?" என்றார் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த மைத்துனர்.

"பேர் போடலை."

பொறியாளரே கண்விழித்து அந்த வரைபடத்தை வரைந்ததற்கு, அன்று பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்த மைத்துனரே சாட்சி.

போன் அடித்தது. பத்திரிகை ஆசிரியர்.

"மன்னிச்சுடுங்க சார். பெரிய மனுஷங்களுக்கெல்லாம் முன்கூட்டியே கட்டுரை வாங்கி வெச்சிருப்போம். பேர் ஒண்ணா இருக்கவும், பாடகருக்குப் பதிலா உங்களோடதை எடுத்துட்டாங்க. நாளைக்கே திருத்தம் போட்டுடறோம்."

"அது கெடக்கட்டும். என்னோடதை எழுதிக் கொடுத்தது யாரு?"

"உங்க மச்சினர்தான் சார்."

பொறியாளர் போனை வைத்துவிட்டு எதிரே பார்த்தார்.

மைத்துனர் டீ கிளாஸை மெல்லக் கீழே வைத்தார்.

"உங்க மனசு நோகக் கூடாதுன்னு, நீங்க போனப்புறம் போடச் சொல்லித்தான் கொடுத்தேன் அத்தான்."