ரத்து செய்ய முடியாத டிக்கெட்

"மலிவா இருக்கணும். தூரமா இருக்கணும். மத்தபடி எந்த நாடா இருந்தாலும் சரிம்மா."

டிராவல்ஸ் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள். இப்படி ஒரு கோரிக்கையை அவள் இதுவரை கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எத்தனை பேர் என்று கேட்டாள். ஒரே ஆள் என்று பதில் வந்ததும் புருவம் இன்னும் கொஞ்சம் மேலே போனது.

எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். ஊரார் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைத்துத் தைத்துச் சேர்த்த பணம் அதற்குள் இருந்தது. ஊரில் பாதி வீட்டுக்கு மறைவு தைத்துக் கொடுத்தவளுக்கு, தனக்கென்று ஒரு மறைவு இல்லாமல் போய்விட்டது.

அவள் கேட்பது அதிகமில்லை. யாரும் கூப்பிடாத பத்து நாள். விழிப்பு வரும்போது எழ வேண்டும். தேநீரை ஆறுவதற்குள் குடிக்க வேண்டும். ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, ஒன்றுமே யோசிக்காமல், ஒன்றுமே யோசிக்கவில்லையே என்றுகூட யோசிக்காமல் இருக்க வேண்டும். இந்த மாதமும் அது வாய்க்காவிட்டால், தன் கத்தரிக்கோல் துணியை மட்டும்தான் வெட்டும் என்று அவளால் உறுதி சொல்ல முடியாது.

பெண் முதலில் பக்கத்து நாடு ஒன்றைக் காட்டினாள். ஏறினால் இறங்கிவிடலாம். தங்குமிடம், சாப்பாடு, சுற்றிக்காட்டுவது எல்லாம் சேர்த்து மூன்று நாள், கொள்ளை மலிவு.

தையல்காரி வேண்டாமென்று தலையாட்டினாள். மூன்று நாள் எந்த மூலைக்கு? பெட்டியைத் திறந்து மூடவே சரியாகிவிடும்.

அடுத்து ஒரு தீவு வந்தது. திரையில் நீலமாகக் கடல். அங்கே ஃபோன் கிடைக்குமா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். தென்னை மரத்தின் உச்சியில்கூடக் கிடைக்கும், தினமும் வீட்டோடு முகம் பார்த்தே பேசலாம் என்று பெண் பெருமையாகச் சொன்னாள். தையல்காரியின் முகம் துவண்டது. வேறு இடம் பார்க்கச் சொன்னாள்.

பெண் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். குரல் தணிந்தது.

"வீட்டுல ஏதாவது பிரச்சனையாக்கா?"

"அதெல்லாம் இல்லம்மா. தங்கமான மனுஷங்க. தங்கம்னாலும் நாள் பூரா கழுத்துல கிடந்தா கனக்காதா?"

பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, விறுவிறுவென்று தட்டித் தேடி ஒரு மலைநாட்டைப் பிடித்தாள். வாயில் நுழையாத பெயர். படத்தில் ஒரு மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை. கூட்டம் வராத மாதம் என்பதால் அறை வாடகை அடிமாட்டு விலை. ஃபோன் மட்டும் காற்று ஒத்துழைத்தால்தான்.

தையல்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா, படிக்கட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்குமா, குளிருக்குக் கம்பளி தருவார்களா என்று வரிசையாகக் கேட்டாள். அந்த விஷயங்களில் அவளுக்குச் சமாதானம் வேண்டியிருந்தது. எல்லாம் உண்டு என்றாள் பெண்.

நேர் விமானத்தின் விலையைக் கேட்டபோது மட்டும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கைப்பை அந்த அளவுக்குத் தாங்காது. பெண் தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னாள். இரண்டு இடத்தில் இறங்கி ஏற வேண்டும். நடுவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

"அப்ப போக வர கூடுதலா ரெண்டு நாள் ஆகும்னு சொல்றீங்க."

"ஆமாக்கா. அதனாலதான் யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க."

"அதையே போடுங்க."

இந்தக் காலத்தில் காசைப் பார்க்காதவர் யார் என்று பெண் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மனசு கேட்காமல் இன்னொன்றையும் எச்சரித்தாள்.

"இந்த டிக்கெட்டை ரத்து பண்ண முடியாதுக்கா. தேதி மாத்த முடியாது. வீட்டு ஞாபகம் வந்துடுச்சு, உடனே திரும்பணும்னு அழுதாக்கூட விட மாட்டாங்க."

"அழுதாக்கூடவா?"

"அழுதாக்கூட."

தையல்காரியின் மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு விழுந்தது. கண்ணை மூடித் திறந்தாள்.

"துணிச்சல்தான்க்கா உங்களுக்கு," என்றாள் பெண்.

"இது வர்றதுக்கே இத்தனை வருஷமாச்சும்மா."

பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு பெண் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். விரித்தாள். படத்தைப் பார்த்தாள், எதிரே இருந்தவளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அதில் இருந்தவருக்கு அடர்த்தியான நரை மீசை.

"அவசரத்துல சாரோடதை எடுத்துட்டு வந்துட்டீங்கக்கா."

"இல்லம்மா, போறது அவர்தான். ரிட்டையர் ஆனதுலேர்ந்து என் மெஷின் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊசியில நூல் எப்படிக் கோக்கணும்னு எனக்குச் சொல்லித் தர்றார். பிறந்தநாள் பரிசுன்னு சொன்னேன், கண் கலங்கிட்டார். நான் எங்கயும் போகல. என் வீட்டுல இருக்கப்போறேன்."

பெண் பாஸ்போர்ட்டை மூடி வைத்தாள். பிறகு திரைப்பக்கம் திரும்பி, விமானத்தின் இருக்கைப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்குக்கா. எங்க வீட்டுக்காரரை அதுல போட்டுடறேன்."