பேருக்கு ஒரு பிரதிவாதி

"ஏணி செஞ்ச கம்பெனி ஓஹையோ, நீ மிசிசிப்பி. வாதி ஒரு மாநிலம், பிரதிவாதி வேற மாநிலம்னா, அவன் கேஸை மத்திய கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போயிடுவான்," என்றார் வக்கீல் ஹோல்கம்.

ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவன் நான். "போகட்டுமே! எந்தக் கோர்ட்டா இருந்தா என்ன?"

"அங்க ஜூரியில உன்னை எவனுக்குத் தெரியும்? இங்க மாநில கோர்ட்டுன்னா உன்னோட மீன் பிடிச்சவன்தான் ஜூரியில உட்காருவான். நம்ம மாநிலத்து ஆள் ஒருத்தரையும் பிரதிவாதியாச் சேர்த்துட்டா, கேஸ் இங்கேயே நிக்கும். ஏணியை வித்த கடைக்காரி லொரீனைச் சேர்த்துடுவோம்."

"லொரீனையா? என் தோலை உரிச்சுடுவா!"

"சும்மா பேருக்குத்தான்ப்பா. பழியெல்லாம் கம்பெனி தலையில போட்டுடலாம்."

லொரீனிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன்.

கம்பெனி முட்டி மோதிப் பார்த்தது. வழக்கு எங்கள் ஊரைவிட்டு நகரவில்லை. ஜூரியில் பாதிப்பேர் என்னோடு மீன் பிடித்தவர்கள். ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கம்பெனிமேல் தப்பில்லை. யாரோ திருப்பிக் கொடுத்த ஏணியை, திருகு கழன்றிருந்ததைக்கூடப் பார்க்காமல், துடைத்து விற்றது கடையின் தப்பு. நஷ்டஈடு முழுவதையும் கடையே தர வேண்டும்.

"ஜெயிச்சுட்டோம்! பேசினபடி மூணுல ஒரு பங்கு எனக்கு," என்று வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாசலில் எங்கள் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு லொரீன் கூப்பிட்டாள்.

"ஏறுய்யா, புருஷா! கடையை வித்து உனக்குக் குடுத்து, உன்கிட்டேர்ந்து வாங்கி அவருக்குக் குடுக்கணும். நிறைய வேலை இருக்கு."