பதியாத விரல்

"இன்னொருக்கா வைங்கம்மா," என்றான் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் வசந்த்குமார்.

வீரம்மா பெருவிரலைச் சேலையில் துடைத்து, புது வருகைப்பதிவு மிஷினில் அழுத்தினாள். முன்னால் விரல் வைத்த மேனேஜருக்கும் மற்ற எல்லாருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்கு மட்டும் சிவப்பு. நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்ததில் ரேகை தேய்ந்துவிட்டது.

"அப்ப எனக்கு இன்னிக்கு வேலை இல்லையா தம்பி?"

"விரல் பதியாதவங்களுக்கு இந்த நோட்டுங்க. கையெழுத்துப் போடத் தெரியுங்களா?"

பேனாவை வாங்கினாள். அறிவொளி வகுப்பில் படித்த எழுத்தில், நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். நிமிர்ந்தபோது சிரிப்பு பொங்கியது.

"அப்பவெல்லாம் இதே ஆபீஸ்ல என் விரல்ல மையத் தடவி, 'கைநாட்டு'ன்னு கேலி பண்ணுவாங்க. இப்பப் பாரு, மேனேஜர் தொரையே கைநாட்டு! இந்த எஸ்டேட்லயே கையெழுத்துப் போடுறவ நான் ஒருத்திதான்!"