எழுத்துள்ள தாள்

விடுதிக்குக் கிளம்பும்போது மகள் அமுதினி, தான் வளர்த்த ஹாம்ஸ்டர் எலியின் கூண்டு நிறைய நாளிதழைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துப் போட்டாள். "இதுக்குள்ளதான் வளை தோண்டிப் படுத்துக்கும். வேற எதையும் போட்டுடாதம்மா."

அது எழுத்துகளின் மேல் ஏறி நடப்பதையும் அங்கேயே சிறுநீர் கழிப்பதையும் வசுமதியால் பார்க்க முடியவில்லை. தெரியாமல் காகிதத்தை மிதித்துவிட்டாலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். கீற்றுகளை அள்ளிவிட்டு, பழைய தலையணையைப் பிரித்துப் பருத்திப் பஞ்சை மெத்தென்று பரப்பினாள். ஹாம்ஸ்டர் ஆசையாக உள்ளே புகுந்துகொண்டது.

காலையில் அது வெளியே வரவில்லை. பஞ்சை விலக்கிப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றி இழைகள் இறுகியிருந்தன. புடைத்திருந்த கன்னப் பைகளிலும் பஞ்சு.

மகளுக்குப் போன் செய்து, காகிதத்தை ஏன் எடுத்தாள் என்பதையும் சொன்னாள். மகள், "எழுத்து இல்லாத தாள் வேணும்னு சொல்லியிருந்தா வாங்கி வச்சிட்டு வந்திருப்பேனேம்மா" என்றாள்.

வசுமதி பூந்தொட்டியில் குழி பறித்து, நாளிதழை மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து நிரப்பினாள். அதற்குள் ஹாம்ஸ்டரைப் புதைத்து, மண்ணைத் தள்ளிவிட்டு எழுந்தபோது பாதத்தில் ஒரு கீற்று ஒட்டியிருந்தது. பழக்கத்தில் குனிந்து எடுத்தாள். கண்ணுக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.