ஒற்றைக்கால் கரடி

மாஸ்கோவில் ஒரே ஒரு மேஜையோடு தொடங்கிய பொம்மைப்பட ஸ்டுடியோ ஐந்து மாடியாக வளர்ந்துவிட்டது. அதன் முதல் படத்தில் ஒற்றைக்காலில் ஆடிப் பேர் வாங்கிய பொத்தாப் என்ற கரடி பொம்மையை, வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே கோலத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

"எப்படிண்ணே நின்னீங்க?" என்று கேட்டது புதிதாக வந்த முயல் பொம்மை.

"எல்லாம் பயிற்சிதான்" என்றது கரடி.

மறுநாள் படப்பிடிப்பு. பாதத்தை மேஜையோடு ஊசியால் குத்தி நிறுத்த வந்தவரிடம், "வேண்டாம், அண்ணன் மாதிரி நானே நிக்கிறேன்" என்று காலைத் தூக்கியது முயல். கீழே விழுந்து காது முறிந்தது.

உடைசல் பெட்டியில் போட்டுத் தூக்கிப் போனார்கள். வாசலைத் தாண்டும்போது முயல் கரடியிடம் சொன்னது: "மன்னிச்சிருங்கண்ணே. எனக்குப் பயிற்சி பத்தல. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

கரடிக்கு அங்கேயே சுருண்டு விழுந்துவிடலாம் போலிருந்தது. விழ முடியவில்லை. பாதத்தில் அந்தப் பழைய ஊசி இன்னும் கெட்டியாக இருந்தது.