சூசைநாதன் சொன்ன பெயர்

மூடிக்கிடந்த தங்கச் சுரங்கத்தைச் சுற்றுலாத் தலமாக்கியவர்கள், அங்கே பாறை சரிந்து இறந்த சூசைநாதனைப் போலவே நடந்து பேசும் இயந்திர உருவத்தைச் செய்து வழிகாட்டியாக வைத்தார்கள். குரலும் இருமலும் அப்படியே இருந்தன.

அவர் மனைவி ஆரோக்கியமேரி டிக்கெட் வாங்கிக் கூட்டத்தோடு இறங்கினாள். விபத்து நடந்த இடத்தில் உருவம் நின்றது.

"மேல வரச் சொன்னாங்க. நான்தான் கேக்கல. தப்பு என்னோடதுங்க."

"பொய் சொல்லாதய்யா," என்றாள் மேரி. "பாறை முனகுதுன்னு நீ சொன்ன. எறங்கலன்னா வேலை போயிடும்னாங்க. அதான் எறங்கின."

"நல்ல கேள்வி," என்று உருவம் நகர்ந்தது.

பார்வையாளர்களின் பேச்சைக் கேட்டு வழிகாட்டி தன்னைத் திருத்திக்கொள்வார் என்று வாசலில் எழுதியிருந்தது. மேரி தினமும் போய் அதையே சொன்னாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். உருவம் இருமியது.

"பாறை முனகுதுன்னு சொன்னேன். எறங்கலன்னா வேலை போயிடும்னாங்க. அதான் எறங்கினேன்."

"யாரு அப்படிச் சொன்னது?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

உருவம் சிறுமியின் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து மேரி, அன்று அவரை மிரட்டி இறக்கிய மேலாளரின் பெயரைச் சொன்னாள். உருவம் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னது.

மறுநாள் பராமரிப்புப் பணி என்று சுரங்கத்தை மூடினார்கள். அதற்குள் பிள்ளைகள் வீடு சேர்ந்து, அந்தப் பெயரை எல்லாரிடமும் சொல்லியிருந்தார்கள்.